பச்சைப் பேனா

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இன்று அச்சகத்தில் ஆல்பம் பூஜை. சிவகாசிக் காலண்டர்காரர்களுக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை, ஆடி பதினெட்டில்தான் பிறக்கிறது. அடுத்த ஆண்டு மாதிரிகளையெல்லாம் கோத்து, சாமி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் ஆர்டர் புத்தகத்தைத் திறப்போம். சர்க்கரைப் பொங்கல் போன வருடத்தைவிட நன்றாக இருந்தது. முந்திரி கண்ணில் பட்டது.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வழக்கம்போல எங்கள் முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியின் வாசகம்: "எங்கள் தினசரித் தாளில் ஒரே ஒரு நாள் தவறென்றாலும் நாங்களே நேரில் வந்து திருத்தித் தருவோம்." பத்தொன்பது வருடமாக அது அங்கே இருக்கிறது. ஒரு தடவைகூட யாரும் எங்கும் போக வேண்டி வந்ததில்லை. அதற்கு யார் காரணம் என்று நான் சொன்னால் தற்பெருமை என்பார்கள். ஆனால் இது என் நாட்குறிப்பு, சொல்லிக்கொள்கிறேன்: நானும் ஜெபராணியும்தான்.

எங்கள் வேலை எளிது. பஞ்சாங்கக்காரர் எழுதித் தந்த பட்டியலை ஜெபராணி சத்தம் போட்டு வாசிப்பாள். அச்சுக்குப் போகப்போகும் தாளை நான் பார்ப்பேன். பத்து நாள் சேர்ந்தது ஒரு பாரம். பாரம் முடிந்ததும் பார்த்தவள் சிவப்புப் பேனாவில் ஒரு டிக், வாசித்தவள் பச்சைப் பேனாவில் ஒரு டிக். இரண்டும் இல்லாமல் மெஷின் ஓடாது. ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற வேதக்காரி அவள். ஆனால் பூரட்டாதி, உத்திரட்டாதியெல்லாம் அவள் வாயில் வருகிற சுத்தம் எந்தச் சோதிடர் வாயிலும் வராது.

வீணான காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தேன். கேட்காமல் ஒரு குண்டூசிகூட எடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 12

ஜெபராணி வரவில்லை. அவள் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். ஜனவரியின் கடைசிப் பாரம் மட்டும் பாக்கி. மெஷின்காரர் நான்கு முறை எட்டிப் பார்த்துவிட்டார். நானே வாசித்து நானே பார்த்தேன். பச்சைப் பேனா மேசையில்தான் இருந்தது. மூன்று மணிக்குப் பாரம் போய்விட்டது.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பியாயிற்று.

ஆகஸ்ட் 13

ஜெபராணி வந்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதாம். கட்டு அவிழ்த்ததும் முதல் வேலையாக, "என்னடி இப்பிடிக் கறுத்துட்டே" என்று கேட்டிருக்கிறார். இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தாள். "எங்கக்கா விட்டோம்?" என்றாள். பிப்ரவரி என்றேன். ஆரம்பித்துவிட்டோம்.

செப்டம்பர் 30

டிசம்பர் 31 வரைக்கும் டிக் அடித்து முடித்தாயிற்று. அண்ணாச்சி ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலம் கொடுத்தார்.

நவம்பர் 4

தீபாவளி முடிந்து ஒரு வாரமாக லாரி லாரியாய்ச் சரக்கு போகிறது. நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று அவரவர் கடைப் பெயரைத் தாங்கிக்கொண்டு எங்கள் காலண்டர்கள் போகின்றன. ஜனவரி ஒன்றாம் தேதி எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருபது வருடமாகியும் அது குறையவில்லை.

நவம்பர் 17

பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அருப்புக்கோட்டையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய். வருடா வருடம் முந்நூறு காலண்டர் வாங்குகிறவர்.

"கனிம்மா, காலண்டரு ஜம்முனு வந்திருக்கு. ஆனா என்னோட ஒரு ஞாயித்துக்கெழமை யாவாரத்தைப் புடுங்கிட்டீகளேம்மா."

"என்ன பாய் சொல்றீக?"

"தை அமாவாசைய ஞாயித்துக்கெழமைல போட்ருக்கீக. அமாவாசைன்னா எவன் கறி எடுப்பான்? பக்கத்து நாட்டுமருந்துக் கடைல வேற காலண்டர் தொங்குது. அதுல சனிக்கெழமைன்னு இருக்கு. எது சரி?"

கறிக்கடைக்காரர் காலண்டரில் முதலில் தேடுவது அமாவாசையைத்தான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 24, சனிக்கிழமை என்றுதான் பஞ்சாங்கக்காரர் எழுதியிருக்கிறார். எங்கள் தாளில் 25-ல் கறுப்பு வட்டம் இருக்கிறது.

தை அமாவாசை. செத்துப்போன அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். கறிக்கடைக்காரருக்கு ஒரு ஞாயிறு போகும். மற்றவர்களுக்கு வருடத்தில் வருகிற ஒரு நாள் போய்விடும்.

அது ஜனவரியின் கடைசிப் பாரம்.

நவம்பர் 18

அண்ணாச்சி அறையில் நான், ஜெபராணி, மேனேஜர் ரத்தினவேல். ரத்தினவேல் அண்ணாச்சியின் மைத்துனர்.

கிடங்கில் இருக்கும் சரக்கில் அந்தப் பாரத்தை மாற்றிவிடலாம். ஆனால் முப்பத்தேழு கடைகளுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் காலண்டர் போய்விட்டது.

ரத்தினவேல் சொன்னார்: "இதுக்குப் போயி ஏன் மாமா தலைல கை வைக்கீக? பஞ்சாங்கம் ரெண்டு இருக்கு. வாக்கியம், திருக்கணிதம். ரெண்டுக்கும் அப்பப்ப ஒரு நாள் இடிக்கும். யாராச்சும் கேட்டா, நாங்க திருக்கணிதப்படி போட்டோம்னு சொல்லிட்டாப் போச்சு."

"இந்தத் தைல ரெண்டுமே சனிக்கெழமைதான்யா சொல்லுது" என்றார் அண்ணாச்சி.

"அது நமக்குத் தெரியும். கேக்கறவனுக்குத் தெரியுமா?"

அண்ணாச்சி ப்ரூஃப் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். கடைசிப் பாரத்தில் சிவப்பு டிக் இருந்தது, பச்சை டிக்கும் இருந்தது. ஜெபராணி பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் அண்ணாச்சி தப்பா வாசிச்சிருக்கேன். வரி மாறி வாசிச்சிருப்பேன்" என்றாள்.

நான் தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 19

கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்புப் போட மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தான் ஓட்டுகிற ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு போனார். கோமதி மட்டும், "அம்மா, உப்பு வெலை ஏறிருச்சா?" என்று கேட்டாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு வாய்க்கு மட்டும் குறைவில்லை.

நவம்பர் 21

ஜெபராணியைக் காலண்டர் சுருட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தினசரித் தாள்கட்டைச் சுற்றிப் படத்தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. இனிமேல் ப்ரூஃப் பக்கம் வர வேண்டாம் என்று ரத்தினவேல் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்து, "நீங்க ஒருத்தி எத்தனையத்தான் கவனிப்பீக கனியக்கா, உங்களைக் குத்தம் சொல்ல மாட்டோம்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது நான்தான், வேறு யாரும் இல்லை.

புதிதாக வாசிக்க வந்த பெண் திருவோணத்தைத் திருவோடு என்கிறாள்.

நவம்பர் 24

மத்தியானம் ஜெபராணி சோற்றுத்தூக்கோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல் நெடுக ரப்பர் பேண்டு இழுத்த சிவப்புக் கோடுகள். ஒரு கரண்டி நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை என் தட்டில் வைத்தாள்.

"யக்கா, உங்க பேரையுஞ் சேத்துக் கெடுத்துட்டேன். நேத்து கோயில்ல முட்டுப்போட்டு இதுக்குன்னே மன்னிப்புக் கேட்டேன். கேட்டப்பறந்தான் மனசு லேசாச்சு."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் செய்ததற்கு இவள் போய் ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கென்று அங்கே கேட்பதற்குக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆகஸ்ட் 12-ஆம் தேதித் தாளைத் தேடி எடுத்தேன். "பச்சைப் பேனா மேசையில்தான் இருந்தது" என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நாட்குறிப்பில் யாரை ஏமாற்ற இப்படி எழுதினேன்? பேனா தானாக எழுந்து டிக் அடித்ததா? நான்தான் அடித்தேன். ஜெபராணியின் டிக் வால் நீண்டு இருக்கும். அந்த வாலையும் சேர்த்து அடித்தேன். குண்டூசிகூடக் கேட்டு எடுக்கிறவளாம் நான்! ஒருத்தியின் கையெழுத்தைக் கேட்காமல் எடுத்திருக்கிறேன்.

நவம்பர் 25

காலையிலேயே அண்ணாச்சி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பாரம் ஓடுன அன்னிக்கு ஜெபராணி வேலைக்கே வரலை. மதுரைல இருந்தா. பச்சை டிக் நான் போட்டது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தப்பு எல்லாருக்கும் வரும் கனி. அமாவாசை மாறினதுக்காக நான் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் பாக்கணும்னு ஒரு வழக்கத்தை வச்சா, ரெண்டாவது ஆளையும் நீயே ஆயிக்கிட்டா அப்பறம் அந்த வழக்கம் எதுக்கு? அந்தப் புள்ளை நாலு நாளா அங்க சுருட்டிக்கிட்டு இருக்கே, பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. முப்பத்தேழு கடைக்கும் அனுப்ப ரத்தினவேல் தட்டச்சுச் செய்து வைத்திருந்த கடிதம். திருக்கணிதப்படி என்று ஆரம்பிக்கிறது. கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"இதை ஒரு வாரமா வச்சு ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார். "நேத்துப் பேனாவைக்கூட எடுத்துட்டேன். நீ ஜெபராணி மாதிரி டிக் போட்டே. நான் பஞ்சாங்கம் மாதிரிக் கையெழுத்துப் போடப் பாத்தேன். உன்னைய வையறதுக்கு எனக்கு வாய் வரலை."

கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஜெபராணியைக் கூப்பிட்டு விட்டார். அவளிடமும் நானே சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நான் கோயில்ல கேட்ட மன்னிப்பு?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நவம்பர் 26

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் தூங்கினேன்.

நவம்பர் 28

அண்ணாச்சி ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் கிழித்து ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டார். நேரில் போவது என்று முடிவாகிவிட்டது. சின்னதாக இரண்டு ஒட்டுத்தாள் அச்சடித்தோம். 24-ஆம் தேதிக்குக் கறுப்பு வட்டமும் தை அமாவாசையும். 25-ஆம் தேதிக்குப் பிரதமை. ஒவ்வொரு காலண்டராகச் சுருளைப் பிரித்து, ஜனவரித் தாள்களைப் புரட்டி, இரண்டையும் ஒட்டி, மறுபடி சுருட்ட வேண்டும். ஜனவரி ஒன்றாம் தேதிக்குள் பதினோராயிரம்.

"ஊரு சிரிக்கும் மாமா. நம்மளே போயி நம்ம தப்பை விளம்பரம் பண்ணணுமா?" என்றார் ரத்தினவேல்.

"சிரிக்கட்டும். சிரிச்சவன் வீட்ல எள்ளுந்தண்ணியும் சரியான நாள்ல விழும்ல" என்றார் அண்ணாச்சி.

ஜெபராணி மறுபடியும் ப்ரூஃப் மேசைக்கு வந்துவிட்டாள். வாசிக்கிறாள், ஆனால் பேசுவதில்லை. மூன்று நாளாயிற்று.

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் பயணம். எங்கள் வீட்டுக்காரருடைய வேனிலேயே போனோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேன் என்பதால் சீட்டெல்லாம் தாழ்வாக இருக்கும். அண்ணாச்சி முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து வந்தார். கோயில் முடிந்ததும் ஜெபராணியும் வந்து ஏறிக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையில் முதல் கடை சிக்கந்தர் பாயுடையதுதான். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அட, போன்ல சொன்னாப் பத்தாதா? நானே பேனாவால திருத்திக்கிட மாட்டேனா?"

"நேர்ல வாரோம்னு எழுதிருக்கோம் பாய்" என்றார் அண்ணாச்சி.

கறிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து ஒட்டினோம். நான் புரட்ட, ஜெபராணி ஒட்ட. நூறாவது காலண்டர் முடிந்தபோது அவளே வாயைத் திறந்தாள்.

"இன்னிக்குக் காலைல கோயில்ல சொல்லிட்டேன். அன்னிக்கு வாங்குன மன்னிப்பை உங்க பேருக்கு மாத்திக்கிறச் சொல்லி."

"மாத்திக்கிட்டாராமா?"

"உங்க பேரைச் சொன்னேன். கனின்னா தெரியலை. சண்முகக்கனின்னு முழுப்பேரையுஞ் சொன்னேன்."

சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை என் டிக்கைப் போட்டீக, அப்பறம் இருக்கு" என்றாள். ஜெபராணி இப்படி மிரட்டி நான் பார்த்ததே இல்லை. மனசு நிறைந்துவிட்டது எனக்கு.

பாய் வீட்டில் பிரியாணி. அண்ணாச்சிக்கு மட்டும் தயிர்சாதம், கார்த்திகை விரதம்.

டிசம்பர் 14

சாத்தூரில் மூன்று கடை, கோவில்பட்டியில் ஆறு. ஒரு ஜவுளிக்கடைக்காரர் கத்தினார், அடுத்த வருடம் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கத்தட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அண்ணாச்சி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். எனக்கு அவர் பக்கத்தில் நிற்கத்தான் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 27

அரைப்பரீட்சை லீவு. வேன் முழுக்க எங்களுக்குத்தான். கோமதியும் வந்து ஒட்டினாள். "அம்மா, ஒன் தப்பு ரொம்பப் பெருசா இருக்கும்மா, முடியவே மாட்டேங்குது" என்றாள்.

டிசம்பர் 30

முடிந்தது. முப்பத்தேழு கடை. எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. விருதுநகரில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஒரு காலண்டரை முன்கூட்டியே யாருக்கோ கொடுத்துவிட்டாராம், யாருக்கு என்று நினைவில்லையாம். ஒன்றுதானே, விடுங்கள் என்றார் ரத்தினவேல். ஒன்றுதான். ஆனால் அது ஏதோ ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு நல்ல இனிப்பு. பல்தான் ஒத்துழைக்கவில்லை.

ஜனவரி 22

சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது விருதுநகர் பேருந்து நிலையத்தில் டீ குடிக்க நின்றேன். பாய்லருக்குப் பின்னால் சுவரில் எங்கள் காலண்டர். அந்த மருந்துக்கடையின் பெயர்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"யம்மா, யம்மா, எங்க போறீக? சுடுதண்ணி இருக்கு!" என்று டீ மாஸ்டர் கத்தினார்.

"அந்தக் காலண்டரைக் கொஞ்சம் எறக்கித் தாங்கய்யா."

"எதுக்கு? நீங்க யாரு?"

"அதைத் தப்பாப் போட்டவ."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இறக்கிக் கொடுத்தார். என் கைப்பையில் ஒரு மாதமாக இரண்டு ஒட்டுத்தாள் கிடந்தது. இரண்டு தாளைப் புரட்டி 24-ல் ஒன்று, 25-ல் ஒன்று ஒட்டினேன். அவர் கிட்ட வந்து எட்டிப் படித்தார்.

"சனிக்கெழமையா? நான் சனிக்கெழமை ராத்திரிதான் ராமேஸ்வரம் கெளம்புறதா இருந்தேன். அப்பா போய் முத வருசம்."

"நாளைக்கே கெளம்பிருங்கய்யா" என்றேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜனவரி 24, தை அமாவாசை, சனிக்கிழமை

எங்கள் வீட்டுக்காரர் குளத்துக்குப் போய்த் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம். உப்பெல்லாம் சரியாக இருந்தது. காலையில் அந்த டீ மாஸ்டர் ராமேஸ்வரத்தில் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 25

சிக்கந்தர் பாய் போன் செய்தார். ஞாயிறு வியாபாரம் அமோகமாம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

புது ஆல்பம். அந்த முதல் பக்க வாசகத்தை எடுத்துவிடலாம் என்று ரத்தினவேல் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எடுக்கவில்லை.

"பத்தொம்பது வருசமா அது வெறும் எழுத்துய்யா. போன வருசந்தான் அது நெசமாச்சு. இப்பப் போயி எடுக்கச் சொல்றே" என்றார்.

கத்திய ஜவுளிக்கடைக்காரர் ஆர்டர் தரவில்லை. அந்த விருதுநகர் மருந்துக்கடைக்காரர் இரண்டு மடங்காகக் கேட்டிருக்கிறார். பொங்கலில் முந்திரி இந்த வருடம் குறைச்சல்.

ஆகஸ்ட் 11

ஜெபராணி வரவில்லை. தங்கச்சி மகளுக்குச் சடங்கு. மெஷின்காரர் நான்கு முறை எட்டிப் பார்த்தார். மெஷின் நிற்கட்டும் என்றேன். நின்றது. பதினொரு மணிக்கு அண்ணாச்சி வந்து ஜெபராணி நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைக் கையில் எடுத்தார். "நான் வாசிக்கேன், நீ பாரு."

உத்திரட்டாதியில் மூன்று முறை தடுக்கி விழுந்தார். திருத்தினேன். ஒரு பாரம் முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் சிவப்பில் டிக் அடித்துவிட்டுப் பச்சைப் பேனாவை மூடி கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் கோணல்மாணலாக ஒரு டிக் போட்டு, பக்கத்தில் தன் பெயரையும் முழுசாக எழுதினார்.

பேனாவை ஜெபராணியின் டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.